கல்கத்தா மேசைமீது எழுந்த சிற்றலைகள்

நம் தூத்துக்குடித் துறைமுகத்தை அணையும் கப்பல்களின் உச்சியில் ஓய்வின்றிச் சுழலும் நீண்டதோர் கருவியைச் சங்கத்து அன்பர் பலரும் கண்டிருப்பர். அது ராடார். இருளிலும் பிற கலங்களைக் காட்டும் அக்கருவி விடுக்கும் அலைகளுள் ஒருவகை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமுடையது. அத்துணைக் குறுகிய அலைகளை, ராடார் கப்பலேறுதற்கு நாற்பதாண்டுகட்கு மேலாக முன்னரே, நம் நாட்டார் ஒருவர் ஆக்கி ஆராய்ந்தார். அவ்வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழாசிரியர் பௌதிகம் பேசுவதா என்பார் பொறுத்தருள்க.

அவர் ஜகதீச சந்திர போஸ். 1885 இல் கல்கத்தாப் பிரசிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராயினார். ஆங்கிலேயரினும் இந்தியர்க்கு ஊதியம் குறைவாதலின், அதனைத் தொடாமலே மூவாண்டு கற்பித்தார். தந்தையார் கடன்பட்டிருந்த காலம் அது. பின்னர் முழு ஊதியமும் நிலுவையோடு அளிக்கப்பெற்றது.

1894 இல் ஆராய்ச்சி தொடங்கியபோது அவர்க்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிற்றறை, துணைக்குத் தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர். "ஆய்வுக்கூடம் இல்லையே, எம் பிள்ளை பௌதிகம் எவ்வாறு பயில்வான்?" என்று நம் கூட்டங்களில் பெற்றோர் முறையிடுவதுண்டு. முறையீடு நியாயமே, ஆயினும் போஸ் செய்ததைக் கேளுங்கள்.

1888 இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் ஆண்ட அலை 66 சென்டிமீட்டர் நீளமுடையது. அதனை வளைத்துக் காட்டக் கீலாலாகிய பெரும்பட்டகம் வேண்டியதாயிற்று. அலையைக் குறுக்கினால் கருவியும் குறுகுமன்றோ? போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுக்கினார். நம் கடல் தந்த முத்தொன்றின் குறுக்களவே அது! உடனே ஆய்வு முழுதும் ஒரு மேசைமேல் அடங்கிற்று. கந்தகப் பட்டகம் அலையை வளைத்தது. முறுக்கிய சணற்கற்றை அதன் அதிர்வுத்தளத்தைத் திருப்பிற்று. தாள்களிடையே வெள்ளீயத் தகடு செருகிய இரயில் அட்டவணைப் புத்தகம் ஒன்றும் கருவியாயிற்று. ஒளியைப் போலவே இவ்வலைகளும் ஒழுகுதல் இவ்வாறு புலனாயிற்று.

1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில், இவ்வலைகள் துணைநிலைக் கவர்னரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று மணியடித்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போஸ் இவற்றை விளக்கினார்.

வானொலியைக் கண்டவர் போஸே, மார்க்கோனி அதனைக் கவர்ந்தார் என்று மேடைகளிற் பேசுவாருளர். யாம் அதற்கு உடன்படோம். தொலைவுச் செய்தியை விழைந்த மார்க்கோனி நெட்டலைகளை நாடினார். போஸ் அலையின் இயல்பை நாடினார். எனினும், 1901 இல் அட்லாண்டிக்கைக் கடந்த குறிப்பை மார்க்கோனி கேட்ட பாதரசக் கருவி, 1899 இலேயே போஸ் அறிவித்ததை ஒத்திருந்தது என்பதும் மறைத்தற்குரியதன்று.

கலீனா என்னும் ஈயக்கல்லால் அலையுணரும் கருவிக்கு நண்பர் வற்புறுத்தலால் 1901 இல் விண்ணப்பித்து, 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதனாற் பொருளீட்ட முயன்றாரல்லர். அவர் 1917 இல் கல்கத்தாவில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் அச்சிறு கருவிகள் இன்றும் பேணப்படுகின்றன.