கரும்புக் காட்டில் ஒலித்த இராமகாதை



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் பாரதியாரின் பாட்டொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் நாட்டுப் பெண்கள் பட்ட பாட்டை நினைந்து அவர் உருகிப் பாடியது அது. பாட்டு முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவர்களுக்கு ஆறுதல் சொல்ல அங்கே யாருமே இல்லையா?" என்று கேட்டாள். விடை தெரியாத வினாவை வகுப்பின் பக்கமே திருப்பிவிடும் முறையைப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அன்று அந்த வித்தை கைகொடுக்கவில்லை. "பிறகு சொல்கிறேன், உட்கார் அம்மா" என்றேன். மணியும் அடித்துவிட்டது. ஓய்வு பெற்றபின் கிடைத்த நேரத்தில் அதற்கு விடை தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிஜித் தீவுகள் 1874ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயின. அத்தீவுகளின் ஆதிகுடிகளைத் தோட்ட வேலைக்கு இழுத்து அவர்களுடைய கிராம வாழ்வைக் குலைக்கலாகாது என்று அப்போதைய ஆளுநர் ஆர்தர் கார்டன் கருதினார். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தச் சுமை இந்தியக் குடியானவன் தோளுக்கு மாறிற்று. 1879ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. 1916ஆம் ஆண்டு வரை இவ்வாறு சென்றவர்கள் ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர். அவர்கள் கைந்நாட்டு வைத்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயர் 'அக்ரிமெண்ட்'. அந்தச் சொல் அவர்கள் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று.

கிர்மிட்டின் காலம் ஐந்தாண்டு. இட்ட வேலையை முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்னி. முடிக்கத் தவறினால் அது குற்றம். நீதிமன்றமும் அபராதமும் சிறையும் காத்திருக்கும். குடியிருக்க வரிசையாகக் கட்டிய லயங்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆட்களை ஏற்றி அனுப்பியதால் பெண்களுக்கு விளைந்த இன்னல்களை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. குந்தி என்ற இளம்பெண், தோட்டத்து மேற்பார்வையாளனின் கைக்குத் தப்ப ஆற்றிலே குதித்தாள். படகில் வந்த ஒரு சிறுவன் காப்பாற்றினான். அவள் கூறிய வரலாறு 'பாரத மித்திரன்' என்ற இந்திப் பத்திரிகையில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. குந்தி தப்பினாள், தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள் பலர்.

வடக்கிலிருந்து சென்றவர்களிற் பெரும்பாலோர் அயோத்தியைச் சூழ்ந்த மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவத்தி, போஜ்புரி ஆகியன அவர்களுடைய பேச்சுமொழிகள். துளசிதாசர் 1574ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய 'இராமசரிதமானஸ்' அந்த அவத்தியிலேயே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுத்தொழில் பெருகியபின் அதன் மலிவுப் பதிப்புகள் எங்கும் பரவின. கப்பலேறியவர்களின் துணிமூட்டைகளில் அந்நூலும் ஏறிற்று. நூல் இல்லாதவரிடம் நினைவு இருந்தது. எழுத்தறியாத குடியானவனுங்கூட நூற்றுக்கணக்கான அடிகளை மனப்பாடமாக வைத்திருந்தான். மனப்பாடத்தை ஏளனம் செய்யும் இக்காலக் கல்வியாளர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இரவில் லயத்தின் முன்னே விளக்கொன்று எரியும். படிக்கத் தெரிந்த ஒருவர் சௌபாய் என்னும் அடிகளை இராகத்தோடு சொல்ல, மற்றவர்கள் கூடிச் சொல்வார்கள். டோலக்கும் தாளமும் உடன் ஒலிக்கும். இக்கூட்டத்திற்கு இராமாயண மண்டலி என்று பெயர். பகல் முழுவதும் ஒருவன் கூலிப்பட்டியலில் ஓர் எண்ணாக இருந்தான். இரவில் அந்த வட்டத்தில் அமர்ந்த பிறகே தன் ஊரும் பெயரும் உடைய மனிதனானான்.

கூடிப் பாடுவதால் நெஞ்சுப் பாரம் குறையும் என்பது பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததே. ஆயினும் இங்கே பாடப்பட்ட கதை எது என்பதையும் பார்க்க வேண்டும். அது நாடிழந்து காடு புகுந்தவனுடைய கதை. இராமனுக்குப் பதினான்கு ஆண்டு. நமக்கு ஐந்தே ஆண்டு என்று கேட்பவன் எண்ணியிருப்பான். கடல் கடந்தால் சாதி கெடும் என்று அஞ்சி அஞ்சிக் கப்பலேறியவனுக்கு, ஓடக்காரனாகிய குகனை இராமன் மார்போடு அணைத்த இடத்தைக் கேட்கும்போது என்ன தோன்றியிருக்கும்! கப்பலிலே எல்லாச் சாதியாரும் ஒன்றாக உண்டு உறங்கி வந்தவர்கள். மண்டலியிலும் ஒரே பாயில் அமர்ந்தார்கள்.

பெண்களுக்கோ சுந்தர காண்டம் இருந்தது. கடல் சூழ்ந்த தீவொன்றில், காவலர் நடுவே, உற்றார் எவருமின்றி ஒருத்தி தனித்திருக்கிறாள். 'உன்னை மறக்கவில்லை' என்ற செய்தியோடு ஒரு மோதிரம் கடல் தாண்டி வருகிறது. என் மாணவி கேட்ட வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

தென்னாட்டாரின் நிலை வேறு. 1903ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. வட ஆற்காடு, மலபார், விசாகப்பட்டினம் முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ பதினையாயிரம் பேர் போனார்கள். துளசிதாசரின் மொழி அவர்களுக்குப் புரியவில்லை. மாரியம்மன் வழிபாடும் தீமிதியும் பஜனையுமே அவர்களைத் தாங்கின. நாளடைவில் தோட்டத்து இந்தியைக் கற்று மண்டலிகளிலும் அமர்ந்தனர். தாய்மொழி நழுவிவிடுமோ என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. 1926ஆம் ஆண்டில் நாந்தி என்னும் ஊரில் அவர்கள் தொடங்கிய சங்கம் பின்னர்ப் பல பள்ளிகளை நடத்தியது.

இங்கே உங்களில் ஒருவர், "பாட்டுப் பாடி ஆறியவர்கள் கொடுமையை எதிர்க்காமல் அடங்கிப் போனார்கள் அல்லவா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் நெடுநாள் அவ்வாறே ஐயுற்றேன். என் ஐயத்தைத் தீர்த்தவர் தோதாராம் சனாத்யர். 1893ஆம் ஆண்டில் ஏமாற்றிக் கப்பலேற்றப்பட்டு, ஐந்தாண்டு கூலி வேலை செய்து, பிறகு அத்தீவிலேயே சமயம் ஓதும் பண்டிதராக வாழ்ந்தவர் அவர். 1914ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். பிஜித் தீவில் தாம் கழித்த இருபத்தோராண்டுகளைப் பற்றி இந்தியில் அவர் வெளியிட்ட நூல் ஊர் ஊராகப் படிக்கப்பட்டது. ஆண்ட்ரூஸ், பியர்சன் என்ற இரு நல்லோர் 1915ஆம் ஆண்டில் பிஜிக்கே சென்று கண்டெழுதிய அறிக்கையும் அதனோடு சேர்ந்தது. மறு ஆண்டில் மதன்மோகன் மாளவியர் சட்டசபையில் இம்முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1920ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. ஓதியவரே போராடியுமிருக்கிறார். மண்டலியில் அமர்ந்த எல்லாரும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டு அவர்களுடைய கூலியை ஒரு பென்னி உயர்த்தவில்லை. தூக்குக் கயிற்றை எல்லாரிடமிருந்தும் பறித்துவிடவும் இல்லை. விடியும் வரை பலரை உயிரோடு வைத்திருந்தது. அவ்வளவுதான் அதன் பணி. அது சிறிய பணியன்று.

விடுதலை பெற்றவர்களிற் பெரும்பகுதியினர் ஊர் திரும்பவில்லை. நிலம் குத்தகைக்குப் பிடித்துத் தாமே கரும்பு பயிரிட்டனர். மண்டலிகளும் அவர்களோடு நிலைத்தன. 1987ஆம் ஆண்டில் பிஜியில் இராணுவப் புரட்சி நடந்தது. அந்த நாளும் மே 14ஆகவே அமைந்தது வரலாற்றின் விந்தை. அதன்பின் அஞ்சி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. மூட்டையில் மீண்டும் அதே நூல். இன்று சிட்னியிலும் ஆக்லாந்திலும் வேலை முடித்து வீடு திரும்புவோர் மாலையில் ஒரு வீட்டில் கூடி, டோலக் ஒலிக்க, அந்த அடிகளைச் சொல்கிறார்கள்.

வினாக் கேட்ட அந்த மாணவி இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, அறியேன். அவளுக்கே பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கும் வயது. இந்தப் பேச்சு அவள் செவிக்கு எட்டுமாயின், "பிறகு சொல்கிறேன்" என்று உட்கார வைத்த ஆசிரியன் மிகத் தாமதமாக விடையோடு வந்திருக்கிறான் என்று அறிவாளாக.