புலிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்?



தோட்டத்து வீடுகளின் பழைய தகரப் பெட்டிகளில் சில படங்கள் கிடைப்பதுண்டு. பங்களா வாசலில் ஒரு புலியோ காட்டுப்பன்றியோ கிடக்கும். துப்பாக்கியைப் பிடித்தபடி துரை நிற்பார். அவருக்குப் பின்னால், தலைப்பாகையும் அரைக்கால்சட்டையுமாக நம்மவர்கள் வரிசையாக நிற்பார்கள். துரையின் பெயர் படத்தின் கீழே இருக்கும். நம்மவர் பெயர் இராது. விலங்கின் தடம் கண்டவர், காட்டைக் கலைத்தவர், கம்பில் கட்டித் தூக்கி வந்தவர் எல்லாம் அந்தப் பின்வரிசைதான். இப்படிப்பட்ட வேட்டைப் படங்களின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

படம் பிடிக்கும் கலை தொடங்கிய காலத்தில் கேமரா கனத்த பெட்டி, தகடு கண்ணாடி. அசையும் பொருள் அதில் தெளிவாக விழாது. ஆகவே உயிருள்ள புலியைப் பிடிக்க முடியாத கேமராவுக்குச் செத்த புலி வசதியாகப் போயிற்று. அதனால்தான் அந்நாளைய படங்களில் விலங்கு காட்டில் இல்லாமல் முற்றத்தில் கிடக்கிறது. 1902ஆம் ஆண்டு ஹைதராபாத் சமஸ்தானத்தில் வைசிராய் கர்சன் பிரபு தம் மனைவியுடன், சுட்ட புலியை முன்னால் கிடத்தி எடுத்துக்கொண்ட படம் உலகப் புகழ் பெற்றது. ஆட்சி யாருடையது என்பதைச் சொல்லவும் அந்தப் படம் பயன்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் முன்னோரும் புலியைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். கொங்கு நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் புலிகுத்திக் கற்கள் என்னும் நடுகற்கள் உண்டு. புலியோடு போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்தவை அவை. அங்கே புலி பின்னங்காலில் எழுந்து வீரனை நேருக்கு நேர் பார்க்கும். காலடியில் கிடக்கும் பொருளாக அதைச் சிற்பி செதுக்கவில்லை. எதிரிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை, கேமரா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கல்தச்சன் அறிந்திருந்தான்!

வேட்டைக்காரர்கள் சிலரே பிறகு வழி மாறினார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ், இரவில் வெடிவிளக்கு கொளுத்தி எடுத்த விலங்குப் படங்கள் 1906இல் நேஷனல் ஜியாக்ரபிக் இதழில் வந்தன. இந்தியாவில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, அதைப் புலியே மிதித்துத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அப்படங்கள் கொண்ட நூல் 1927இல் வெளிவந்தது. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பேர் பெற்ற ஜிம் கார்பெட்டும் அவர் வழியில் கேமராவைக் கையில் எடுத்தார்.

மலாயாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதை வரைந்த கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். அவருடைய உடன்பிறந்தவர் தியோடர் ஹப்பக், யானையும் செலாடாங்கும் வேட்டையாடி 1905இல் நூல் எழுதியவர். அதே மனிதர் பின்னாளில் விலங்குகளைக் காக்க அரசோடு மல்லுக்கு நின்றார். ரப்பர்த் தோட்டங்கள் காட்டை நோக்கி விரிய விரிய, பயிருக்குப் பகை என்று யானைகள் சுடப்பட்டன. ஹப்பக் பங்கேற்ற வனவிலங்கு ஆணைக்குழுவின் அறிக்கை 1932இல் வந்தது. நம் தஞ்சோங் மாலிமுக்குக் கிழக்கே தெரியும் மலைகளுக்கு அப்பால், பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலக் காடுகளும் சேர்ந்து 1938-39இல் தேசியப் பூங்காவாயின. இன்றைய தாமான் நெகாரா அதுதான்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. புலியால் பால்மரத் தொழிலாளி செத்ததும் உண்மை. திரெங்கானுவின் கெமாமான் பகுதியில் அத்தகைய புலிகளைச் சுட்ட லாக் என்னும் அதிகாரியின் நூல் 1954இல் வெளியாயிற்று. இருட்டோடு மரம் சீவப் போகிறவருக்குப் புலி அழகுப் பொருளல்ல. செத்த புலியைப் பார்த்து ஊரே மூச்சு விட்டது என்றால் அதில் குற்றம் காண நான் தயாராக இல்லை.

உரிமம் பெற்று வேட்டையாடுவோரிடையே இன்று படத்திற்கென்று சில ஒழுங்குகள் உண்டு. இரத்தத்தைத் துடைக்க வேண்டும். தொங்கும் நாக்கை வாய்க்குள் தள்ள வேண்டும். உடல் விறைக்கும் முன்னே, விழுந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். விலங்கின் மேல் உட்காரவோ கால் வைக்கவோ கூடாது. கேமராவை அதன் கண்மட்டத்திற்குத் தாழ்த்த வேண்டும். லாரியின் பின்தட்டில் தலை தொங்கக் கிடக்கும் பன்றியின் படத்தைவிட இது எவ்வளவோ மேல். என்றாலும் இரத்தத்தைத் துடைப்பதில் பாதி மரியாதை, பாதி மறைப்பு. கால் வைக்காமை அப்படியல்ல. அது முழு மரியாதை. பழைய படங்களில் விடுபட்டுப்போன இன்னொரு மரியாதையும் உண்டு: தடம் காட்டியவரையும் முன்வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதுவது.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1976 முதல் புலி முழுப் பாதுகாப்பு பெற்றது. 2010இல் சட்டம் மேலும் கடுமையாயிற்று. தடைசெய்யப்பட்ட விலங்கைச் சுட்டுவிட்டு அருகே நின்று சிரிக்கும் படம் இன்று அவருக்கே எதிரான சாட்சியாகிவிடும்.

2016 முதல் 2020 வரை நாடெங்கும் நடந்த கணக்கெடுப்பில் காட்டுப்புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. அந்தக் கணக்கெடுப்புக்கும் கேமராதான் கருவி. சாம்பியனின் கம்பிக்குப் பதிலாக விலங்கின் உடல்வெப்பமும் அசைவும் அதை இயக்குகின்றன. ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இராது. ஒரே புலியின் இடப்பக்க வரி வலப்பக்கத்தில் இராது. ஆகவே பாதையின் இருபுறமும் மரத்துக்கு ஒன்றாக, எதிரெதிரே இரண்டு கேமராக்களைக் கட்டி வைக்கிறார்கள்.