பீன்யாவில் ஒரு பெட்டி, சாவி என்கிட்ட

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கமே வரலை. போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு டியர்பார்ன்ல இருக்கிற ஃபோர்டு ரூஜ் ஆலையைப் பார்க்கப் போனேன். வீட்டுல இருந்து அரை மணி நேரம்தான்.

வழியில அவளுக்கு ஒரு கதை சொன்னேன். 1950-ல் இஜி டொயோடா ஜப்பான்ல இருந்து இதே ஆலைக்கு வந்து பல வாரம் தங்கிப் பார்த்தார். தொழிலாளிங்க கிட்ட யோசனை கேட்டு வாங்குற ஏற்பாடு அவருக்குப் பிடிச்சுப் போச்சு. ஊருக்குத் திரும்பி 1951-ல் டொயோடாவுலயும் அதை ஆரம்பிச்சாங்க. அதுக்கும் முன்னாடியே, 1898-ல், கோடாக் கம்பெனியில ஒரு தொழிலாளி "ஜன்னலைக் கழுவினா வெளிச்சம் நல்லா வரும்"னு எழுதிக் கொடுத்து 2 டாலர் பரிசு வாங்கினார்.

"உங்க பழைய கம்பெனியில அந்த மாதிரி பெட்டி இருந்துச்சாப்பா?"ன்னு கேட்டா. இருந்துச்சு. அதனாலதான் இந்தக் கொசுவத்தி :-)

1994-ல் டிப்ளமோ முடிச்ச கையோட பெங்களூர் பீன்யாவுல ஒரு சின்ன பட்டறையில டிரெய்னியா சேர்ந்தேன். துமகூரு ரோட்டோரம் 1970-கள்ல உருவான தொழிற்பேட்டை அது. பக்கத்துல ஜாலஹள்ளியில 1953-ல் தொடங்கின எச்.எம்.டி. அந்த மாதிரி பெரிய பொதுத்துறை ஆலைகளுக்கு உதிரி பாகம் செஞ்சு கொடுத்தே வளர்ந்த ஷெட்டுகள் பீன்யாவுல ஏராளம். பெரிய ஆலையில வேலை பழகி, வெளியே வந்து சொந்தமா லேத் போட்டவங்களும் நிறைய.

அப்போ எங்கே பார்த்தாலும் தரவட்டம் பேச்சுதான். ஜப்பான்ல இஷிகாவா 1962-ல் தொடங்கி வச்ச முறை. 1980-களின் தொடக்கத்துல ஹைதராபாத் பெல் ஆலை வழியா நம்ம நாட்டுக்கு வந்துச்சு. எங்க முதலாளியும் ஆசைப்பட்டு, சுவத்துல ஒரு பச்சைப் பெட்டி மாட்டினார். மாசம் ஒருமுறை திறந்து பார்க்கிற வேலை எனக்கு.

தருமபுரிக்கார அண்ணன் ஒருத்தர் டிரில்லிங் மெஷின்ல இருந்தார். ஒவ்வொரு பீஸுக்கும் ஜிக்குல ஸ்பேனர் போட்டு நாலு சுத்து இறுக்கணும். அதுக்குப் பதிலா ஒரு கைப்பிடி வச்சா ஒரே தட்டுல இறுகிடும்னு படம் வரைஞ்சு பெட்டியில போட்டார். முதல் ரெண்டு மாசம் திறந்தேன், பீடிக் கட்டுக் காகிதம்தான் இருந்துச்சு. அப்புறம் விட்டுட்டேன். ஆயுத பூஜைக்கு சுத்தம் பண்றப்போதான் திறந்தேன். அவர் சீட்டு எட்டு மாசமா உள்ளேயே கிடந்திருக்கு. அவர் அதுக்குள்ள வேலையை விட்டுப் போயிட்டார்.

இந்த விஷயத்தை ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுக்கிட்டேன். கெர்ரி அன்ஸ்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் 2001-ல் எழுதின கட்டுரையில வேலையிடத்துப் படைப்பூக்கத்தை நாலா பிரிக்கிறார். மேலதிகாரி கொடுத்த சிக்கலைத் தீர்க்கிறது ஒண்ணு. "நீங்களே சிக்கலைத் தேடிச் சொல்லுங்க"ன்னு கேட்கிறப்போ வர்றது ரெண்டாவது. தரவட்டம் இந்த ரகம். அடுத்தவர் சிக்கலுக்குத் தானா முன்வந்து கைகொடுக்கிறது மூணாவது. யாரும் கேட்காமலே சிக்கலையும் தானே கண்டுபிடிச்சு, வழியையும் தானே சொல்றது நாலாவது.

முதல் ரெண்டையும் உத்தரவு போட்டும் போனஸ் கொடுத்தும் ஓரளவு வாங்கிடலாம். நாலாவதை அப்படி வாங்க முடியாது, அது தானா வரணும். வந்தப்புறம் பதில் சொல்லலைன்னா மறுபடி வராது. நம்ம ஊர்ல பரிசுத் தொகையைப் பத்திப் பேசுற அளவுக்கு இந்தப் பதிலைப் பத்திப் பேசுறதில்லைங்கிறது என் எண்ணம்.

சில வருஷம் முன்னாடி ஊருக்குப் போனப்போ, பீன்யா வரைக்கும் மெட்ரோவுலயே போய் (2014-ல் வந்துச்சு) அண்ணனைத் தேடிப் பிடிச்சேன். சொந்த ஷெட், ஒன்பது பேர் வேலை பார்க்கிறாங்க. டிரில்லிங் மெஷின்ல அதே கைப்பிடி ஜிக்! சாவி என்கிட்டதான் இருந்துச்சுன்னு ஒருவழியா சொல்லிட்டேன். சிரிச்சார்.

"காசு கூட வேணாம் தம்பி. இது ஆகாதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன்."

அவர் ஷெட்டுல பெட்டி கிடையாது. காலையில பத்து மணி டீக்கு எல்லாரும் நிக்கிறப்போ, "நேத்து கை எங்கேடா வலிச்சுது?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்கிறார். ஒரு பையன் ஏதோ சொன்னான். "அது ஒத்து வராதுடா, ஏன்னா..."ன்னு ஆரம்பிச்சு டீ ஆறுற வரைக்கும் விளக்கினார்.

மகள் கிட்ட இதையும் சொன்னேன். "அந்த அங்கிள் கிட்ட சாரி சொன்னீங்களா?"ன்னா. சொல்லலை. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணணும்.