காவிரி டெல்டாவுக்குத் திரும்பத் திரும்ப வந்த வாந்திபேதி

ஊரில் வாந்திபேதி என்று சொல்லப்பட்ட காலரா, காவிரி டெல்டாவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் விட்டு விட்டுத் தலைகாட்டிய நோய். பெரியம்மை போல உடம்பில் வடு வைத்துவிட்டுப் போகும் நோய் அல்ல இது. பிழைத்தவருக்குச் சில ஆண்டுகள் ஓரளவு காப்பு கிடைக்கும். பிறகு அது தேய்ந்துவிடும். அதற்குள் ஊரில் நோயை அறியாத குழந்தைகள் பிறந்து வளர்ந்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் இந்த நோயை ஒருமுறைக்கு மேல் பார்த்தது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே குடமுருட்டி ஆற்றங்கரையில் அமைந்த பாபநாசம் வட்டாரத்தின் கதையும் இதுதான். திருப்பாலைத்துறைக் கோயிலின் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இவ்வூரின் செழிப்புக்கு இன்றும் சான்றாக நிற்கிறது. அந்தச் செழிப்பைத் தந்த ஆற்று நீரே நோயையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

1817இல் வங்காளத்தின் ஜெசூர் பகுதியில் கிளம்பிய பெருநோய் 1818இல் சென்னையை எட்டி, அடுத்த சில மாதங்களில் தென்னிந்தியா முழுவதும் பரவி இலங்கைக்கும் போனது. தஞ்சாவூரை அப்போது ஆண்டவர் இரண்டாம் சரபோஜி. மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி, ஐரோப்பிய முறைகளை ஒருங்கே ஆராயச் செய்தார். ஆனால் காலராவுக்கு அன்று உலகில் எங்கும் சரியான வைத்தியம் இல்லை. ஐரோப்பிய மருத்துவர்கள் பாதரசக் கூட்டான கலோமலும் அபினும் கொடுத்தார்கள். உடம்பில் நீர் வற்றித் துவளும் நோயாளியிடமிருந்து இரத்தத்தையும் வடித்தார்கள். பேதி நிற்க வேண்டுமானால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் பொதுமக்களிடமும் வேரூன்றியிருந்தது. கிருமி செய்த கொலையில் ஒரு பங்கை இந்த எண்ணமும் செய்தது என்பதில் ஐயமில்லை.

நோய் இங்கே நிலைத்ததற்குக் காரணம் டெல்டாவின் நீர்ப் பழக்கத்தில் இருந்தது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அங்கிருந்து வயலும் குளமும் என்று தண்ணீர் ஊர் ஊராக இறங்கி வரும். மேல் ஊரில் துணி துவைத்து, மாடு குளிப்பாட்டி, கரையில் கால் கழுவிய தண்ணீர்தான் கீழ் ஊருக்குக் குடிநீர். கோடையில் ஆறு வறண்டால் குளத்தில் எஞ்சிய கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்துக் குடித்தார்கள். மண் படியும், கிருமி முழுவதும் போகாது. காலராக் கிருமி ஆறு கடலோடு கலக்கும் உவர்நீரில் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளை ஒட்டிக்கொண்டு, மனிதர் இல்லாமலே வாழக்கூடியது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவானது. ஒரு பருவத்தில் ஊரில் ஒரு நோயாளிகூட இல்லாவிட்டாலும் நோய் அறவே ஒழிந்துவிட்டதென்று சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரயில் வந்ததும் நோயின் வேகம் கூடியது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இருப்புப்பாதை வந்தது. 1870களின் பிற்பகுதியில் கும்பகோணம் வழிப் பாதையும் சேர்ந்தது. பாபநாசம் அந்தப் பாதையில் ஒரு நிலையம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்துக்கும், ஆண்டுதோறும் வரும் தேர், தீர்த்தவாரி விழாக்களுக்கும் நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் இரயிலில் இறங்கினார்கள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் தென்னிந்தியக் காலராவைப் பற்றி 1871இல் தனி நூலே எழுதினார். 1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது காவிரிப் பாசனம் தஞ்சை மாவட்டத்தைப் பட்டினியிலிருந்து பெரும்பாலும் காத்தது. பிழைக்க வழி தேடி வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் இங்கு வந்தார்கள். பஞ்சத்தோடு சேர்ந்தே காலராவும் நடந்தது. 1877இல் மட்டும் மாகாணத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் காலராவில் இறந்ததாகப் பதிவாயிற்று.

கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் மாரியம்மனையும் காளியையும் நாடினார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். காப்புக் கட்டி, கூழ் ஊற்றினார்கள். நோய் கண்ட ஊருக்குப் போவதையும் அங்கிருந்து வருவதையும் தவிர்த்தார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது சரியல்ல. போக்குவரத்தைக் குறைத்தது நோய் பரவுவதையும் கொஞ்சம் குறைத்திருக்கும். அரசுத் தரப்பில் முதல் கண்ணும் காதும் கிராம முன்சீப்தான். வாந்திபேதியில் ஒருவர் விழுந்தால் மேலிடத்துக்குத் தகவல் அனுப்புவது அவர் கடமை. 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில், நோயாளிகளின் குடலிலும் அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் கிருமியைக் கண்டு காட்டிய பிறகு, நோய்க்குக் காரணமென்று நம்பப்பட்ட கெட்ட காற்றிலிருந்து கவனம் கிணற்றுக்குத் திரும்பியது. ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் கிணறுகளுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடும் முறையைப் பரப்பினார். வாளித் தண்ணீரில் அந்தக் கருஊதாப் படிகத்தைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்குவார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகி, அந்த நிறம் சில மணி நேரம் மாறாமல் நின்றால்தான் மருந்து போதும் என்று பொருள். நிறம் உடனே மங்கினால் இன்னும் போட வேண்டும். இரவு விட்டுக் காலையில் இறைப்பார்கள். பின்னாளில் அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் பிடித்தது.

தடுப்பூசி 1890களில் வந்தது. வால்டேமர் ஹாஃப்கின் தம் ஊசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்து, 1894இல் கல்கத்தாவில் மக்களுக்குப் போடத் தொடங்கினார். சென்னை மாகாணத்தில் கிண்டி கிங் நிலையம் காலரா ஊசி மருந்து தயாரித்தது. 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் திருவிழாக்களுக்கென்று தனி அத்தியாயமே வைத்தது. திருவிழாக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போடுவது டெல்டா ஊர்களில் வழக்கமான காட்சியாயிற்று. கை வீங்கும், காய்ச்சல் வரும், ஆனால் காப்பு பாதிப் பேருக்குத்தான், அதுவும் சில மாதங்களுக்குத்தான். பயண ஊசிச் சான்றிதழ் என்ற நிபந்தனையை 1973இல் உலகச் சுகாதாரப் பேரவையே கைவிட்டது.

நோய் எப்போது திரும்பும் என்று கணக்கிடும் முயற்சியும் இந்த மாகாணத்தில் நடந்தது. பொதுச் சுகாதார இயக்குநராக இருந்த ஏ. ஜே. எச். ரஸல், பல ஆண்டுகளின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, சென்னை மாகாணத்தில் காலரா சுமார் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை உச்சம் தொடுவதாக 1920களில் எழுதினார். 1951இல் சத்ய ஸ்வரூப் வெளியிட்ட ஆய்வு, கங்கைப் படுகையைப் போலவே காவிரிப் படுகையும் காலரா நிலைகொண்ட பகுதி என்று அடையாளம் காட்டியது. நோயை வெளியிலிருந்து யாத்ரீகர்தான் கொண்டுவருகிறார்கள் என்ற பழைய வாதத்தை இது ஆட்டம் காணச் செய்தது. யாத்ரீகரைக் குறை சொல்வது எளிது. குழாய் போடுவது செலவு.

சிகிச்சையில் திருப்பம் கல்கத்தாவிலிருந்து வந்தது. நரம்பு வழியே உப்புநீர் ஏற்றும் முறையை லெனார்டு ரோஜர்ஸ் அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்மைப்படுத்தினார். 1959இல் சம்புநாத் தே, கிருமி சுரக்கும் நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது என்று முயல் குடலில் காட்டினார். நோயாளி அரிசி கழுவிய நீர் போல மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பார். ஆனால் அந்த நேரத்திலும் குடல், குளுக்கோஸ் கூட இருந்தால் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1971இல் வங்காள அகதி முகாமான பங்காவ்னில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, அவர் குழுவின் கவனிப்பில் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அரிசி மாவை அடிப்படையாகக் கொண்ட கரைசல் காலராவில் பேதியின் அளவையே குறைக்கிறது என்று பின்னர் டாக்காவில் தெரிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால் பேதி சீக்கிரம் நிற்பதை 2000இல் வெளியிட்டார்கள். உப்புப் போட்ட நொய்க்கஞ்சியை நோயாளிக்குக் கொடுத்த டெல்டா வீடுகள், காரணம் தெரியாமலே சரியான திசையில்தான் இருந்தன.

மருந்து கிடைத்ததால் வருகை நின்றுவிடவில்லை. 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பிய எல் டார் வகை 1964இல் இந்தியாவுக்கு வந்து பழைய வகையை ஓரங்கட்டியது. 1992இல் சென்னையில் ஓ139 என்ற புதுவகை தென்பட்டது. பழைய வகைக்கு எதிரான காப்பு இதற்கு உதவாததால், வழக்கமாகத் தப்பிக்கும் பெரியவர்களும் படுத்தார்கள். 2022 ஜூலையில் டெல்டாவின் கடைக்கோடியான காரைக்காலில் காலரா உறுதியானது; பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டு, பள்ளிகள் மூன்று நாள் மூடப்பட்டன. கைகாட்டப்பட்டது குடிநீர்க் குழாய்க் கசிவு. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில், அழுத்தம் இல்லாத நேரத்தில் ஓட்டைக் குழாய் அருகிலுள்ள சாக்கடையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு காலத்தில் வாய்க்கால் செய்த வேலையை இப்போது குழாய் செய்கிறது. வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து இரண்டு தவணை கொடுத்தால் மூன்றாண்டு அளவுக்குக் காப்பு தரும். அதுவும் குழாய் சீராகும் வரைக்கான இடைக்கால ஏற்பாடுதான்.

பாபநாசம் போன்ற ஊர்களில் ஒருவருக்குத் தண்ணீர் போலப் பேதி தொடங்கினால் செய்ய வேண்டியது இன்றும் மாறவில்லை. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் அதே அளவு நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கண் குழிந்து, சிறுநீர் நின்று, ஆள் துவண்டால் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.