குழந்தைகள் பெண்கள் ஆண்கள் (நாவல்)

சுந்தர ராமசாமி (1931–2005) எழுதிய மூன்றாவது, கடைசி நாவல். 1998இல் வெளிவந்தது. ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966), ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) ஆகியவற்றுக்குப் பின், நீண்ட இடைவெளி விட்டு வந்த பெரிய படைப்பு இது.

கதை 1930களின் பிற்பகுதியில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கோட்டயத்தில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் நிகழ்கிறது. நாகர்கோவிலில் பிறந்த ஆசிரியரின் இளமைப் பருவத்தில் சில ஆண்டுகள் கோட்டயத்தில்தான் கழிந்தன. நாவலின் வீட்டில் அந்த நினைவுகளின் சாயல் அழுத்தமாகவே படிந்திருக்கிறது.

வீட்டுத் தலைவர் எஸ்.ஆர்.எஸ். மனைவி லட்சுமி நோயாளி. மகன் பாலு அப்பாவின் குரல் கேட்டாலே ஒடுங்கிப்போகிறவன். மகனிடம் நெருங்க வழி தெரியாத தகப்பனும், அவரிடம் வாய் திறக்க முடியாத சிறுவனும் ஒரே கூரையின் கீழ் வாழும் பகுதிகளே நாவலின் உச்சம். அம்மா படுத்துவிட்ட வீட்டில் குழந்தைகள் இழப்பது எவ்வளவு என்பதை ஆசிரியர் எங்கும் உரக்கச் சொல்வதில்லை. அப்பாவை வில்லனாக்கவும் இல்லை. அவருடைய தவிப்பையும் அதே பரிவோடு எழுதுகிறார். இளம் விதவை ஆனந்தத்தின் வாழ்க்கை வழியே அக்காலப் பெண்களின் நிலையும் கதைக்குள் வருகிறது.

முந்தைய நாவலின் அறிவார்ந்த விவாத நடை இதில் இல்லை. சிறு சிறு அத்தியாயங்கள், பேச்சு, வீட்டு ஓசைகள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார்.