மணலில் இருந்து ஸ்மார்ட் போர்டு வரை

பி.காம் படிக்கிறவனுக்கு வரலாற்றுக் கட்டுரை எதற்கு என்று கேட்காதீர்கள். எல்லாம் சித்தியால் வந்தது. பட்டாபிராமில் இருக்கும் சித்தி, ஆவடி பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, "எங்க ஸ்கூலுக்கும் ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சுடா. ஆனா ஒரு பிரச்சினை" என்றார். கரன்ட், நெட் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "முப்பது பசங்களும் அதைத் தொடணும்ங்கிறாங்க. ஒருத்தன் தொடறப்ப மீதிப் பேர் என்ன பண்றது?" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அதே யோசனை. அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது, இந்தக் கேள்வியின் வரலாறு இருநூறு வருடத்துக்கும் மேலே போகிறது. அதுவும் நம் சென்னையிலேயே.

1789ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மெட்ராஸில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். இல்லம் இருந்தது எழும்பூரில். பாடம் நடத்தும் ஆட்கள் சரியில்லை, பையன்களுக்கு எழுத்தே ஏறவில்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது 'மலபார்' பள்ளி ஒன்றைப் பார்க்கிறார். (அந்தக் கால ஆங்கிலேயர்கள் தமிழர்களையும் மலபார் என்றுதான் எழுதுவார்கள்.) குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிப் பழகுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பாக எழுதினால் கையால் ஒரு தட்டு, மணல் சமமாகிவிடும்.

பெல் அதை அப்படியே இல்லத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஆசிரியர்கள் இது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். பையன் செய்து காட்டிவிட்டான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும் இந்த முறையை, 1796ல் ஊர் திரும்பிய பெல், 1797ல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் கட்டிய பள்ளி ஒன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் இருக்கிறது. பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் காலேஜ்! (நம் ஊர் பெயரை நாமே மாற்றிவிட்டோம், அவர்கள் மாற்றவில்லை.)

மணல் விஷயம் பெல்லின் கற்பனை இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823ல் அனுப்பிய அறிக்கையில், பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகுகிறார்கள் என்று இருக்கிறது. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர்தான். 'அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது' என்று சொல்கிறவர்கள் அந்தக் கடைசி எண்ணை மட்டும் சொல்வதே இல்லை.

ஆனால் மணலுக்கு ஒரு குணம் உண்டு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம். கரும்பலகை வந்ததும் இது மாறியது.

வகுப்பறைக்குப் பெரிய கரும்பலகையைக் கொண்டுவந்தவர்கள் என்று இரண்டு பெயர்கள் அடிபடும். ஒருவர் எடின்பரோவில் புவியியல் நடத்திய ஜேம்ஸ் பில்லன்ஸ், இன்னொருவர் 1801ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட்டில் கணக்கு நடத்திய ஜார்ஜ் பாரன். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் எழுதுகிறவர் ஒருவர், பார்க்கிறவர்கள் மற்றவர்கள். பிள்ளைகளுக்குச் சிலேட்டும் பல்பமும் மிச்சம். தாத்தா காலத்துப் பசங்களுக்குப் பலகையோடு இருந்த உறவே வேறு. கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூசிக் கறுப்பாக்குவது அவர்கள் வேலை. எழுதுவது வாத்தியார் வேலை.

அந்தப் பலகை கூட எல்லாப் பள்ளியிலும் இல்லை. 1987ல் மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்' என்றே பெயர் வைத்து, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், பலகை, வரைபடம் எல்லாம் கொடுக்கக் கிளம்ப வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1987ல்தான் கனடாவில் டேவிட் மார்ட்டினும் நான்சி நோல்டனும் ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய முதல் ஸ்மார்ட் போர்டு 1991ல் வந்தது. புரொஜெக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பலகையில் காட்டும், விரலால் அழுத்தினால் மவுஸ் கிளிக் மாதிரி. இப்போது வருவதில் புரொஜெக்டர் இல்லை, பெரிய டிவி மாதிரி இருக்கிறது. திரையின் விளிம்பைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர்கள் ஓடும், விரல் எங்கே கதிரை மறைக்கிறதோ அங்கே தொட்டதாகக் கணக்கு.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். ஃபீஸ் ரசீதில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று புதிதாக ஒரு வரி. அதற்கான பேனா பீரோவில் பூட்டி இருக்கும். ஜன்னல் ஸ்கிரீனை இழுத்து மூடுவது லீடராகிய என் பொறுப்பு. இதய வால்வு திறந்து மூடும் படம் ஓடும், அரை வகுப்பு தூங்கும். மூன்று வருடத்தில் நான் அதைத் தொட்டது ஒரே முறை, அதுவும் துடைக்க! ஒன்பதாவது வரும்போது அது நோட்டீஸ் ஒட்டும் பலகையாகிவிட்டது.

அப்பா கட்டிய அந்தப் பணம் எங்கே போனது என்று இப்போது அக்கவுன்ட்ஸ் படிக்கும்போது யோசிப்பேன். எங்கள் பள்ளியில் போட்ட கம்பெனி எது என்று தெரியாது. ஆனால் இந்த வியாபாரத்தின் பெரிய உதாரணம் டெல்லிப் பக்கத்து எஜுகாம்ப். பள்ளி முதலில் பணம் போட வேண்டாம். கருவி கம்பெனியுடையது, பள்ளி மாணவர்களிடம் வசூல் செய்து பல வருடம் தவணையாகக் கொடுக்கும். 2006 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அடிதடி வரவேற்பு. பிறகு பள்ளிகளிடம் இருந்து வரவேண்டிய பாக்கி தேங்கி, கடன் ஏறி, 2017ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. லாபக் கணக்கில் வருமானம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. எங்கள் பாடப்புத்தகத்தில் போடவேண்டிய உதாரணம்.

சரி, போர்டால் படிப்பாவது கூடுகிறதா? இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்கு இதை வாங்கிக் குவித்தது. லண்டன் மேல்நிலை வகுப்புகளில் ஜெம்மா மாஸ் குழு செய்த ஆய்வு 2007ல் வந்தது. முதல் வருடத்தில் மதிப்பெண்ணில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை என்றது முடிவு. அதில் இன்னொரு விஷயம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுமாராகப் படிக்கும் பிள்ளைகளின் வகுப்பில், ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து போவதில் பாடத்தின் வேகமே குறைந்துவிடலாம் என்கிறது. சித்தி சொன்ன அதே பிரச்சினை!

இதற்கு ஒரு விடை நம் ஊரில் ஏற்கெனவே வந்துவிட்டது, கரன்ட் இல்லாமல். 2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அட்டைகள், பாய்கள், வட்டமாக உட்காருவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது சுவர். வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க, குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனி இடம். அம்பத்தூர் அப்போது மாநகராட்சியில் இல்லை (2011ல்தான் சேர்ந்தது), அதனால் 2007ல் மாநிலம் முழுக்க விரிவாக்கியபோதுதான் எங்கள் பக்கத்துக்கு வந்தது. குறைகளும் உண்டு. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு திணறிய கதையைச் சித்தியே சொல்வார். ஆனால் அந்தச் சுவர் நல்ல யோசனை.

இப்போது தமிழக அரசு 22,931 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைத் திட்டம் போட்டு, 2024ல் கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. நான் எதிர்க்கவில்லை. நாங்கள் ஃபீஸ் கட்டிப் பார்த்ததை அந்தப் பிள்ளைகள் இலவசமாகப் பார்க்கிறார்கள், அது நியாயம். பூந்தமல்லி வழியாகப் போகும்போது மட்டும் ஒரு உறுத்தல். அங்கே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. மணலில் விரல் போனால் தடம் இருக்கும். பிரெய்ல் சிலேட்டில் குத்தினால் தாளைத் திருப்பித் தடவிப் படிக்கலாம். கண்ணாடித் திரையில் விரலுக்கு எதுவும் கிடைக்காது. 'தொடுதிரை' என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறோம்.

நேற்று சித்திக்கு போன் செய்து எழும்பூர் பையன் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நான் இப்போ அதான்டா பண்றேன்" என்றார். ஐந்து பேர் போர்டில், மீதிப் பேர் கீழே பழைய சுவரில் சாக்பீஸோடு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றம். போர்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர மூன்றாவது படிக்கும் ஒரு பெண். சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார்களாம், கீழ்ப்பக்கத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.