ஆல்காட் குப்பத்துக்குப் பெயர் தந்த கர்னல்

போன வாரம் ஓபியில் காசிமேட்டு அம்மா ஒருத்தர். பெண்ணை பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். "ஆல்காட்டுன்னா யாரு சார், வெள்ளக்காரத் தொரையா?" என்றார். வெளியே கூட்டம். "அமெரிக்காக்காரர்மா, மிலிட்டரி" என்று முடித்துவிட்டேன். மீதியை இங்கே சொல்றேன்.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட். 1832ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். விவசாயம் பற்றி பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பட்டாளத்துக்குப் போனவர் சீதபேதியில் படுத்துவிட்டார். (அந்தப் போரில் சண்டையில் செத்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் நோயில்தான் செத்தார்கள்.) தேறி வந்ததும் வேறு வேலை கொடுத்தார்கள். ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை செய்தவர்களின் மோசடியைத் துருவிக் கண்டுபிடிப்பது. 1865ல் லிங்கன் கொலை விசாரணையிலும் இருந்தார்.

1875ல் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு நியூயார்க்கில் பிரம்மஞான சபை. 1882 டிசம்பரில் அடையாறு. இதெல்லாம் பலருக்கும் தெரிஞ்சதுதான்.

ஒரு டாக்டராக எனக்கு உறுத்துவது வேறு. அதே 1882ல், இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டப் போனபோது, கை கால் வாதத்தில் விழுந்த ஒருவரைக் கையால் தடவிவிட்டார். அவர் கையை ஆட்டிக் காட்டினார். அவ்வளவுதான், ஊரே திரண்டது. அடுத்த வருடம் இந்தியாவிலும் ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தடவிவிட்டார்.

எப்படிக் குணமானது? மூளையில் ரத்தக்குழாய் அடைக்காமலே கை கால் விழுவதுண்டு. நடிப்பு இல்லை, நிஜமான நோய். அது நம்பிக்கையில் சட்டென்று சரியாகலாம். இந்த 'காந்த சிகிச்சை'யை 1784லேயே பாரிசில், ஆல்காட்டின் நாட்டுக்காரர் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்த குழு, நோயாளியின் கண்ணைக் கட்டிப் பரிசோதித்து, எல்லாம் கற்பனையின் வேலை என்று சொல்லிவிட்டது. கான்ட்ராக்டர் கணக்கைத் துருவியவர் தன் கையை ஏன் துருவவில்லை?

எனக்கு இது பழைய கதை இல்லை. பக்கவாதம் வந்தவரை ராத்திரி முழுக்க எண்ணெய் நீவிவிட்டு, விடிந்து தூக்கி வருவதை இன்றும் பார்க்கிறேன். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. முகம் கோணினால், பேச்சு குழறினால், 108க்கு போன் போடுங்க. அப்புறம் மற்றது.

உடம்பு தளர்ந்து, குருமார்கள் நிறுத்தச் சொன்னதாகச் சொல்லி, 1883லேயே ஆல்காட் அதை விட்டுவிட்டார்.

1894ல் அடையாறில், பள்ளி வாசலே மிதிக்கவிடாத பறையர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூரிலும். 1898ல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் ஏற்கக் கொழும்பு போனபோது துணை நின்றவரும் இவரே. பண்டிதர் சித்த வைத்தியர், நம்ம தொழில்காரர்!

1906ல் கப்பல் படிக்கட்டில் விழுந்து அடிபட்டார். 1907 பிப்ரவரி 17ல் அடையாறில் இறந்தார். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் சிலை இருக்கிறது. இங்கே ஒரு பள்ளிக்கூடம், ஒரு குப்பம்.

அந்த அம்மா அடுத்த மாதம் பிரஷர் மாத்திரைக்கு வருவார். பள்ளிக்கூடக் கதையை அப்போது சொல்லணும்.